'ஐயோ' நகரம் வீழ்ந்தபோது சிரித்தவர்கள்: ஒரு தமிழ் சப்டைட்டில் முயற்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாம்பரம் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை படம் பார்க்கிற சிறு கூட்டம் எங்களுடையது. பத்துப் பேர் வந்தால் அதிகம். பெரும்பாலும் பழைய படங்கள்தான். அதிலும் இரண்டு வருடமாக ஜப்பானிய அனிமே, அதாவது அவர்களுடைய அனிமேஷன் படங்கள் பக்கம் சாய்ந்துவிட்டோம். வருகிறவர்களில் நாலைந்து பேருக்கு ஆங்கில சப்டைட்டிலை அது ஓடுகிற வேகத்தில் படிக்க வராது. படம் முடிந்து டீ குடிக்கும்போது "அந்தப் பொண்ணு யாருக்கு வேண்டியவ?" என்று கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் பாதி புரிந்திருக்காது என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

கடந்த ஆண்டு பிப்ரவரியில், ஒரே ஒரு படத்துக்காவது நாமே தமிழில் சப்டைட்டில் போட்டுப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். முடிய நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருமுறை செய்ததையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது; ஒருவர் மனம் நொந்து விலகினார். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பெயர் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் அவரவர் வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன்.

மொத்தம் ஆறு பேர். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கும் பெண். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்துநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எங்களுக்கு அவர் 'சார்'. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். வீடியோ எடிட்டிங் தெரிந்த கல்லூரி மாணவன். மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், அனிமே பற்றி எங்களில் அதிகம் தெரிந்தவர். ஆறாவது ஆள் நான். ஆளைச் சேர்ப்பது, தேதி குறிப்பது, டீ போடுவது என் பொறுப்பு.

படத்தைத் தேர்ந்தெடுத்தது

எதிர்காலத்தில் தனித்தனி நகரங்களும் குடியேற்றங்களும் மோதிக்கொள்ளும் ராணுவ அறிவியல் புனைவு 1980களின் அனிமேவில் ஒரு தனி வகை. பெரும்பாலானவை நீண்ட தொடர்கள். 1979ல் தொடங்கிய 'குண்டம்' வரிசையின் முதல் தொடரே 43 அத்தியாயம். டக்ரம் 75, வோடம்ஸ் 52. எங்கள் சக்திக்கு அது ஆகாது. அதனால் ஒரே படமாக முடிகிற 'வீனஸ் சென்கி'யை நண்பர் சொன்னார். ஆங்கிலத்தில் 'வீனஸ் வார்ஸ்' என்று வந்தது. 1989 மார்ச்சில் ஜப்பானில் வெளியானது. ஓடும் நேரம் 103 நிமிடம்.

கதை இதுதான். 2003ல் ஒரு பனிக்கோள் வீனஸில், அதாவது வெள்ளிக் கோளில் மோதுகிறது. அடர்ந்த காற்று மண்டலம் மெலிந்து, கடல்கள் உண்டாகி, மனிதர்கள் குடியேறுகிறார்கள். அப்படிக் குடியேறியவர்கள் இஷ்டார், அஃப்ரோடியா என்று இரண்டு அரசுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒற்றைச் சக்கர பைக்கில் பந்தயம் ஓட்டும் ஹிரோ என்கிற பையனின் ஊர் அஃப்ரோடியாவின் தலைநகரம். ஒருநாள் இஷ்டாரின் டாங்கிகள் அந்த ஊருக்குள் இறங்குகின்றன. பந்தயக் கூட்டத்துப் பிள்ளைகள் வீம்புக்கு ஒரு டாங்கியோடு மோதப்போய், கடைசியில் தங்கள் சொந்த ராணுவத்திடமே மாட்டி, படையில் சேர்க்கப்படுகிறார்கள். ஹிரோவுக்கு நாட்டுப்பற்றும் இல்லை, வீரக்கனவும் இல்லை. படம் முழுக்க அவன் முகத்தில் இருப்பது 'என்னை ஏன் இழுத்தீங்க' என்கிற எரிச்சல்தான்.

இரண்டு அரசுகளின் பெயரும் சும்மா வைத்ததல்ல. வீனஸ் கோளின் வடக்கே உள்ள மேட்டு நிலத்துக்கு இஷ்டார் என்றும், நடுக்கோட்டை ஒட்டிய பெரிய மேட்டுக்கு அஃப்ரோடைட்டி என்றும் விண்ணியலாளர்கள் நிஜமாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். இஷ்டார் பாபிலோனியர்களின் காதல் தெய்வம், அஃப்ரோடைட்டி கிரேக்கர்களுடையது. ரோமானியர்களுக்கு அதே இடத்தில் இருப்பவள் வீனஸ். ஆக, ஒரே தெய்வத்தின் இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்கின்றன.

இயக்கியவர் யோஷிகாசு யாசுஹிகோ. முதல் குண்டம் தொடரின் பாத்திரங்களை வரைந்தவர், மாணவப் பருவத்தில் பல்கலைக்கழகப் போராட்டத்தில் இறங்கி வெளியேற்றப்பட்டவர். இசை, பேர்பெற்ற ஜோ ஹிசாயிஷி. இவ்வளவு இருந்தும் படம் ஓடவில்லை. யாசுஹிகோ அனிமேஷனையே விட்டுவிட்டு மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வரையப் போனார். இந்தப் படம் மறுபடி வெளிவருவதையும் விரும்பாமல் ஜப்பானில் பல வருடம் முடக்கி வைத்திருந்தார். 2019ல்தான் அங்கே ப்ளூ-ரே வந்தது. படைத்தவரே ஒளித்து வைத்த படம் என்பதுதான் எங்களை இழுத்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

முதல் முயற்சி

எங்களிடம் இருந்தது வெளிநாட்டில் வந்த பழைய டிவிடி ஒன்று. டிவிடியில் இருக்கும் சப்டைட்டில் எழுத்தாக இருப்பதில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு சிறு படமாகப் பதிந்திருக்கும். எடுத்துத் திருத்த முடியாது. அதனால் வேறொருவர் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆங்கில சப்டைட்டில் கோப்பை நண்பர் கொண்டுவந்தார். தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகள். அதை மூன்று துண்டாக்கி நண்பர், ஆசிரியை, நான் மூவரும் தமிழாக்கினோம். மொழிபெயர்ப்பாளருக்கு அப்போது தொழிற்சாலையில் ஆடிட் நேரம். அவர் இந்தக் கட்டத்தில் இல்லை.

மூன்று வாரத்தில் முடிந்தது. நண்பர்தான் பாதிக்கு மேல் செய்தார், ராத்திரி கண் விழித்து. வேகம் எங்களுக்கே பெருமையாக இருந்தது. மார்ச் இரண்டாம் வாரத்தில் ஏழு பேரை அழைத்து, முதல் 25 நிமிடமும் நடுவில் பத்து நிமிடமும் போட்டுக் காட்டினோம். மாணவன் ஒரு நோட்டில் குறிப்பெடுத்தான். அந்த நோட்டு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

சோதனைக் காட்சியில் கண்டது

டாங்கிகள் ஊருக்குள் வருகிற காட்சி. மக்கள் ஓடுகிறார்கள், சுவர் இடிகிறது, அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

காரணம் தலைநகரத்தின் பெயர். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, Io. வியாழனின் துணைக்கோளுக்கும் அதே பெயர்தான். ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றி நாங்கள் 'ஐயோ' என்று எழுதியிருந்தோம். தனியாகக் கோப்பில் பார்த்தபோது மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. எரிகிற நகரத்தின் கீழே "ஐயோ தாக்கப்படுகிறது" என்று வந்தபோது முன் வரிசையில் இருந்த சிறுவன் தொடங்கினான், பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஜப்பானிய ஒலியில் அந்தப் பெயர் 'இஓ' என்றுதான் கேட்கிறது. காது கொடுத்திருந்தால் தப்பித்திருப்போம்.

அடுத்தது இஷ்டார் படைத் தலைவர். 'தளபதி' என்று போட்டிருந்தோம். வரி வந்ததும் பின்னாலிருந்து ஒரு விசில். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதை மறந்தது எங்கள் தப்பு.

இவை வேடிக்கையான தவறுகள், திருத்துவதும் சுலபம். சுலபமில்லாதவை வேறு இருந்தன.

ஒன்று, சப்டைட்டில் ஒலிக்கு முன்னால் ஓடியது. முதல் காட்சிக்குப் பொருந்தும்படி மாணவன் தள்ளி வைத்திருந்தான். இருந்தும் போகப்போக இடைவெளி வளர்ந்தது. பிறகுதான் புரிந்தது. அந்த ஆங்கிலக் கோப்பு ஐரோப்பிய டிவிடிக்காகச் செய்தது. திரைப்படம் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறை 25. அங்கே படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள், 103 நிமிடப் படம் 99 நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் வட்டு அப்படியில்லை. நிமிடத்துக்கு இரண்டரை விநாடி வீதம் விலகிக்கொண்டே போகும். தள்ளி வைப்பதால் இது சரியாகாது, மொத்தக் கோப்பையும் நீட்ட வேண்டும்.

இன்னொன்று சார் சொன்னது. காட்சி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, அந்தப் பையனும் ஆபீசரும் ஒரே மாதிரியில்ல பேசறாங்க? வாயசைக்கறவனப் பாக்காம படிச்சா யார் வரின்னே தெரியல" என்றார். உண்மைதான். பாதிப் பேர் 'நீங்கள்', மீதிப் பேர் 'நீ'. எதற்கு எது என்று கணக்கில்லை. நான் செய்த பகுதியில் ஹிரோ மரியாதையானவன், நண்பர் செய்த பகுதியில் ரவுடி.

மூன்றாவதை மொழிபெயர்ப்பாளர் பிடித்தார். அன்று அவர் பார்வையாளராக வந்திருந்தார். பல இடங்களில் ஒலியில் கேட்பதும் கீழே வருவதும் தலைகீழாக இருக்கிறதே என்றார். நான் அமைத்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். "நான் சொல்லும்வரை சுடாதே" என்கிற வாக்கியம் ஜப்பானிய மொழியிலும் இதே வரிசையில்தான் வரும்: முதலில் 'நான் சொல்லும்வரை', கடைசியில் 'சுடாதே'. ஆங்கிலம் அதைப் புரட்டி 'சுடாதே'யை முன்னால் வைக்கும். அது இரண்டு வரியாகப் பிரிந்து வர, நாங்கள் வரிக்கு வரி தமிழாக்க, "சுடாதே" என்று ஒரு வரி, "நான் சொல்லும்வரை" என்று அடுத்த வரி. பேசுகிறவர் நிறுத்தி, மூச்சு வாங்கி, கடைசிச் சொல்லில் அழுத்துகிறார். நாங்களோ அந்தச் சொல்லை முன்னாலேயே காட்டிவிட்டோம். வினையைக் கடைசியில் வைக்கும் இரண்டு மொழிகளுக்கு நடுவில், வினையை முன்னால் வைக்கும் ஒரு மொழியை நாங்களாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தோம்.

எடுத்த முடிவும் அதில் நான் செய்த தவறும்

மறுவாரம் கூடினோம். நண்பரின் வாதம் நியாயமானது. ஊர்ப் பெயரை மாற்றுவோம், நேரத்தைச் சரிசெய்வோம், 'நீ', 'நீங்கள்' ஒருமுறை பார்த்து ஒழுங்குபடுத்துவோம்; பத்துப் பேர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கப்போகிற படத்துக்கு இது போதாதா என்றார்.

மொழிபெயர்ப்பாளர் எதிர்வாதம் செய்யவில்லை. மடிக்கணினியில் ஒரு காட்சியை ஆங்கில டப்பிங்கில் போட்டார், பிறகு அதே காட்சியை ஜப்பானிய ஒலியில் போட்டு வாயாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் கோப்பில் இருந்ததற்கும் அதற்கும் பாதி இடங்களில் தொடர்பில்லை. அந்தக் கோப்பு ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பே அல்ல, ஆங்கில டப்பிங் வசனத்தைத் தட்டச்சு செய்தது. டப்பிங் எழுதுகிறவர் வாயசைவுக்காகச் சேர்ப்பார், குறைப்பார், கொஞ்சம் கெட்ட வார்த்தையும் போடுவார். பழைய அனிமே வட்டுகளில் இது அடிக்கடி நடக்கிற விஷயம்; சப்டைட்டில் என்ற பெயரில் டப்பிங் வசனம் இருக்கும். நாங்கள் மூன்று வாரம் உழைத்து மொழிபெயர்த்தது ஒரு தழுவலை.

முதலிலிருந்து தொடங்குவது என்று அன்றிரவே முடிவெடுத்தேன். முடிவு சரி. சொன்ன விதம் தப்பு. நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் வாட்ஸ்அப் குழுவில் நேராகப் போட்டுவிட்டேன். பாதி வேலையைச் செய்தவர் அவர். தன் உழைப்பு குப்பைக்குப் போவதை ஒரு அறிவிப்பில் தெரிந்துகொண்டார். "சரி, நடத்துங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

புது முறை

மார்ச் கடைசியிலிருந்து சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம். மொழிபெயர்ப்பாளர் காட்சியைக் கேட்டுவிட்டுத் தமிழில் வாய்ஸ் நோட்டாகச் சொல்வார். எழுதக் கூடாது என்று அவரே விதி வைத்தார். எழுதினால் தொழிற்சாலை அறிக்கைத் தமிழ் வந்துவிடுகிறதாம். ஆசிரியை அதைக் கேட்டு வரியாக்குவார், சார் திருத்துவார், மாணவன் ஒலியோடு பொருத்துவான். ஒரு அமர்வுக்கு ஒன்பது நிமிடப் படம் நகர்ந்தது. பன்னிரண்டு சனிக்கிழமை.

பெயர்ச் சிக்கல்கள் முதலில் தீர்ந்தன. தலைநகரம் 'இயோ' ஆனது. படைத் தலைவர் 'ஜெனரல்'. கீழே உள்ளவர்களுக்குச் செய்தித்தாளில் வருகிற 'லெப்டினன்ட்', 'கேப்டன்'. கோளின் பெயருக்கு மட்டும் ஒரு மாலை போனது. சார் 'வெள்ளி' என்றார், நல்ல தமிழ். ஆனால் 'வெள்ளிப் போர்' என்று போட்டால் நகைக்கடைச் சண்டையா, வெள்ளிக்கிழமைச் சண்டையா என்று குழம்பும். ஜப்பானிய மொழியில் இந்தக் கோள் 'கின்செய்', பொன் விண்மீன். அவர்கள் வெள்ளிக்கிழமையும் 'கின்யோபி', பொன் நாள். நமக்கு வெள்ளியாகத் தெரிவது அவர்களுக்குத் தங்கம், கிழமை மட்டும் ஒன்று. அதைக் கேட்டு சார் சந்தோஷப்பட்டாரே தவிர வாதத்தை விடவில்லை. கடைசியில் தீர்த்து வைத்தது மூலத் தலைப்புதான்: அவர்களே கின்செய் என்று வைக்காமல் 'வீனஸ்' என்ற அயல்சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நாங்களும் வீனஸ்.

படைக் கட்டளைகளுக்கு ஆசிரியை வழி சொன்னார். பள்ளி மைதானத்தில் "நேராய் நில்", "இயல்பாய் நில்" என்கிறோமே, அந்த மொட்டை ஏவல் வடிவம் போதும் என்றார். ஜப்பானிய ராணுவக் கட்டளையும் மொட்டை ஏவல்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

யார் யாரை எப்படி அழைப்பது

மொழிபெயர்ப்பாளர் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். இடப்பக்கம் பேசுகிறவர், மேலே கேட்கிறவர். ஒவ்வொரு கட்டத்திலும் நீ, நீங்க, டா, எதுவுமில்லை. ஜப்பானிய மொழியில் 'நீ' என்பதற்கு ஓமாயே, கிசாமா, அன்தா, அனாதா என்று பல படிகள் உண்டு. ராணுவ அனிமேவில் அதிகாரி எதிரியையோ கீழே உள்ளவனையோ 'கிசாமா' என்றால் அதில் அடி விழுகிற ஓசை இருக்கும். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்லாகச் சப்பையாகிவிடும். தமிழில் நமக்கும் படிகள் இருக்கின்றன: ஏய், டா, நீ, நீங்க. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது, ஆனால் ஏணி இருக்கிறது.

ஹிரோவின் பேச்சில் பணிவு வடிவம் அரிது என்பது மொழிபெயர்ப்பாளரின் கணிப்பு. ஆகவே அதிகாரிகளிடம் அவன் 'நீங்க' போட மாட்டான் என்று கட்டத்தில் எழுதினோம். பைக் கூட்டத்துக்குள் 'டா' தாராளம். பெண்களுக்கு 'டி' போடலாமா என்று மாணவன் கேட்டான். ஆசிரியை பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

'நான்' என்பதில் தோற்றோம். ஓரே, போக்கு, வாதாஷி என்று ஜப்பானிய மொழியில் ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்வதிலேயே ஆளைக் காட்டிவிடலாம். தமிழில் எல்லோரும் நான்தான்.

அடுத்தது எதிர்பாராதது. 'நாம்', 'நாங்கள்' என்கிற வேறுபாடு ஜப்பானிய மொழியில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. தமிழில் கட்டாயம். ஒரு அதிகாரி, பிடித்து வந்த பையன்களை நிறுத்தி வைத்துப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் படையை, தன் நாட்டைச் சொல்லும்போது அவர் 'நாம்' என்கிறாரா 'நாங்கள்' என்கிறாரா? 'நாம்' என்றால் பையன்களையும் சேர்த்துவிட்டார். 'நாங்கள்' என்றால் நீங்கள் வெளியே. முதல் முயற்சியில் இது எங்களுக்குத் தட்டுப்படவே இல்லை; வாய்க்கு வந்ததை எழுதியிருந்தோம். இப்போது ஒவ்வொரு இடத்திலும் நின்றோம். ஒரு சனிக்கிழமை முழுக்க இதற்கே போனது, படம் நாலு நிமிடம்கூட நகரவில்லை.

சார் சொன்னார்: ஆள் பிடிக்கிறவன் எப்போதும் 'நாம்' என்றுதான் சொல்வான். ஆசிரியை தொடர்ந்தார்: அப்படியானால் அந்தப் பையன் பதிலுக்கு ஒருநாளும் 'நாம்' சொல்லக் கூடாது. இரண்டையும் கட்டத்தில் எழுதினோம். அதிகாரிகள் பையன்களிடம் 'நாம்'. ஹிரோ ராணுவத்தைக் குறித்துப் பேசும்போது 'நீங்கள்லாம்', தன் கூட்டத்தைச் சொன்னால் 'நாங்க'. மொழிபெயர்ப்பாளர் சம்மதித்தார், ஆனால் முகம் தெளியவில்லை. "இது அங்க இல்லாதது சார். நம்ம சேக்கறோம்" என்றார். "சேக்காம தமிழ்ல எழுதவே முடியாதேம்மா" என்றார் சார். இரண்டும் சரி.

எழுத்துக் கணக்கு

சப்டைட்டில் மென்பொருள் ஒரு விநாடிக்கு இத்தனை எழுத்து என்று அளந்து, மீறினால் வரியைச் சிவப்பாக்கும். எங்கள் கோப்பில் பாதி சிவப்பு. மாணவன் பயந்து வரிகளை வெட்டித் தந்தித் தமிழாக்கிவிட்டான். சிக்கல் எண்ணுகிற முறையில் இருந்தது. 'போர்க்களம்' நமக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்து முறையான யூனிகோடில் கொம்பும் புள்ளியும் தனித்தனி. மென்பொருளுக்கு அது பத்து. அதைக் கண்டுபிடித்த பிறகு எண்ணிக்கையைக் கைவிட்டு, சாரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி அளந்தோம். அவர் நிதானமாகப் படித்து முடிப்பதற்குள் வரி மறைந்தால் சுருக்கு. இரண்டு வரிக்கு மேல் எங்கும் இல்லை. சரிப்பட்டு வந்தது.

அனுமதி

முதலில் ஒரு நூலகக் கூடத்தில் போடலாம் என்று நினைத்திருந்தோம். வட்டு வாங்கி வைத்திருப்பது வீட்டில் பார்ப்பதற்குத்தான். பொதுவில் திரையிட உரிமை உள்ளவரின் இசைவு வேண்டும். எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். கூடம் வேண்டாம், மாடியே போதும். சப்டைட்டில் கோப்பையும் யாருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு. கேட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், வருத்தம்தான்.

திரையிடலும் பிறகும்

ஜூன் கடைசி சனிக்கிழமை. பதினேழு பேர் வந்தார்கள், எங்கள் மாடிக்கு அது நெரிசல். நண்பருக்கு ஒரு வாரம் முன்பு நேரில் போய் அழைப்பு வைத்திருந்தேன், மன்னிப்பும் கேட்டேன். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். வந்தார், கடைசியில், மாடிப்படி ஓரம் உட்கார்ந்தார்.

டாங்கிகள் இயோவுக்குள் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் திரையைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக் காட்சிகளில், குறிப்பாக நிஜ நிலப்பரப்பைப் படம்பிடித்து அதன்மேல் பைக்கை வரைந்த இடத்தில், இளைஞர்கள் முன்னே நகர்ந்தார்கள். நடுப்பகுதி இழுத்தது, நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். அதற்கு சப்டைட்டில் காரணமில்லை, படமே அங்கே தளர்கிறது. பூமியிலிருந்து வரும் பத்திரிகைக்காரப் பெண்ணை என்ன செய்வதென்று கதைக்கே தெரியாத மாதிரி எனக்குப் பட்டது. பன்னிரண்டு வாரம் வரிவரியாகப் பார்த்தபிறகு யாசுஹிகோ ஏன் ஒளித்து வைத்தார் என்பது ஓரளவு புரிகிறது. ஆனாலும் அந்த முதல் அரைமணி நேரம், ஊர் கைமாறுகிற அந்த விதம், அதற்காகவே படத்தை இன்னொரு முறை பார்ப்பேன்.

தவறுகளும் இருந்தன. வானொலி அறிவிப்பும் பேச்சும் ஒன்றாக வரும் இரண்டு இடங்களில் எது யாருடையது என்று தெரியவில்லை. வெளிர் பின்னணியில் வெள்ளை எழுத்து மறைந்தது. கறுப்பு விளிம்பு போட்டிருந்தோம், அது போதவில்லை.

டீ நேரத்தில் "கதை என்ன?" என்று யாரும் கேட்கவில்லை. தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, வழக்கமாக வாயே திறக்காதவர், வேறொன்று கேட்டார். "அந்த ஆபீசர் வாயத் தொறந்தா நாம நாமங்கறான். இந்தப் பையன் கடைசிவரைக்கும் ஒருதடவகூடச் சொல்லலையே. ஜப்பான்காரன் எழுதினதே அப்படித்தானா?"

ஆசிரியைக்கு முகமெல்லாம் பூரிப்பு. மொழிபெயர்ப்பாளர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "இல்லக்கா. அவங்க பாஷைல அந்த வித்தியாசமே கிடையாது. நாங்கதான் முடிவு பண்ணி வச்சோம்." அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பையன் நெசமாவே சேந்துட்டானோ என்னவோ" என்றார்.

நண்பர் போகும்போது என் அருகே நின்று, "ஐயோவ எடுத்துட்டீங்களே, அதான் படத்துலயே பெஸ்ட் சீன்" என்றார். அடுத்த மாதம் முதல் மறுபடி வருகிறார்.

மறுபடி செய்தால்

மொழி தெரிந்தவர் ஓய்வாகும்வரை தொடங்க மாட்டோம். மூன்று வாரம் காத்திருந்தால் மூன்று வார வேலை மிஞ்சியிருக்கும். ஆங்கிலக் கோப்பு கிடைத்தால், அது டப்பிங் வசனமா என்று ஐந்து நிமிட ஒலியோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் தொடுவோம். ஃப்ரேம் வேகத்தைப் படத்தின் கடைசி வசனத்தை வைத்துச் சோதிப்போம், முதல் வசனம் எப்போதும் பொருந்தித்தான் தெரியும். பெயர்களை எழுதியபின் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். அழைப்பு வடிவக் கட்டத்தை முதல் நாளே போடுவோம். ஒருவர் உழைப்பை ஒதுக்கும் செய்தியைக் குழுவில் போட மாட்டேன்.

'நாம்' விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. படத்தின் பின்பகுதியில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஹிரோவின் குரல் தளர்வதாகவும், அந்த ஒரு வரியில் அவன் 'நாம்' என்று சொல்லலாம் என்றும் மொழிபெயர்ப்பாளர் கருதுகிறார். அக்கா கேட்டதிலிருந்து அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. சார் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருமுறை சொல்லிவிட்டால் மீதி நூறு நிமிடமும் வீண் என்கிறார். மாணவன் கோப்பில் இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறான். திரையிட்ட அன்று ஓடியது 'நாங்க'.